பைக்குள் இருக்கும் நூலகப் படிவம்

மேல் டிவிஷன், ஆறாம் லயம்
05.06.2025

என் அன்பு மகன் கிஷாந்துக்கு அம்மா எழுதிக்கொள்வது,

இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம், அப்பாவின் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். நீ அந்தக் கனடாக் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டுமென்று மாரியம்மனைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், உன்மேல் கோபம் வந்த நாளிலும் அதை நிறுத்தவில்லை. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அம்மா நான் சொல்றத கேளுங்க என்று குறுக்கே வருகிறாய், இங்கே சிக்னலும் நான் பேசும் நேரம் பார்த்துத்தான் போகிறது. கடிதத்தில் நீ குறுக்கே வர முடியாது. அதனால் டவுனில் ஒரு கொப்பி வாங்கி நடுத்தாளைக் கிழித்து நானே உட்கார்ந்து எழுதுகிறேன், யாரையும் வைத்து எழுதவில்லை.

முதலில் வீட்டு விசயத்தைச் சொல்லிவிடுகிறேன். மழை பிடித்துக்கொண்டது, காற்றும் சேர்ந்து கூரையில் இரண்டு தகரத்தைக் கிளப்பிவிட்டது, அப்பா ஏற முடியாமல் கீழே நின்று சத்தம் போட, பக்கத்துக் காம்பரா வீட்டுச் செல்லசாமி ஏறிக் கல் வைத்தான். தங்கச்சி ஜீவராணி உடப்புசல்லாவையிலிருந்து பிள்ளையோடு வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனாள், உன் மருமகன் நடக்கத் தொடங்கிவிட்டான், அடுப்படிக்கு ஓடுவதுதான் அவனுக்கு வேலை. அப்பா முழங்காலுக்கு மருந்து எண்ணெய் தடவிக்கொண்டு டிவிக்கு முன்னால் கிடக்கிறார். நான் பேரை வெட்டிக்கொண்டு வேலையை விட்டு இரண்டு வருடமாகியும் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகும் நேரத்துக்குக் கண் விழித்துவிடுகிறது, எழும்பி என்ன செய்வது என்று தெரியாமல் தேத்தண்ணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வேலை முடிந்ததும் ஆசை தீர வாசிக்கலாம் என்று எத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று உனக்குத் தெரியும். நான் வேலையை விட்ட நேரம் பார்த்துத்தான் டவுன் நூலகம் பூட்டிக் கிடந்தது. கூரை இறங்கிவிட்டது என்று அதற்கு முந்தின வருடம் பூட்டினார்கள், திருத்தித் திறக்க மூன்று வருடம் எடுத்தது. இதற்கிடையில் நூலகத்துக்குப் பொறுப்பாக இருந்த நம் சிவபாதம் சேரும் பென்சன் எடுத்துக்கொண்டு சாவகச்சேரிக்குப் போய்விட்டார். போகும்போது பழசாகிப்போன நாலு புத்தகத்தில் நீக்கப்பட்டது என்று முத்திரை குத்தி என் கையில் தந்துவிட்டுப் போனார், அந்த நாலையும் நான் எத்தனை தரம் வாசித்தேன் என்ற கணக்கு எனக்கே இல்லை.

இந்த ஏப்ரல் மாதம்தான் நூலகத்தைத் திறந்தார்கள். நீ பார்த்தால் அடையாளம் தெரியாது. தரைக்கு டைல்ஸ் போட்டு, கம்ப்யூட்டர் நாலு வைத்து, சின்னப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு மூலை, சுவரில் முயலும் யானையும் கீறியிருக்கிறார்கள். நம் கதைப் புத்தகமெல்லாம் பின்னால் கழிவறைப் பக்கம் போய்விட்டது, முன்னால் முழுக்கப் பரீட்சை வழிகாட்டி. பேப்பரை மேசையோடு நூல் போட்டுக் கட்டியிருக்கிறார்கள், யாரோ கொண்டுபோய் ரொட்டி சுற்றுகிறார்களாம். புதிதாக வந்திருக்கும் பொறுப்பாளர் லோஜினி என்று ஹட்டன் பக்கத்துப் பிள்ளை, நல்ல பிள்ளை, அதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அவள்மேல் எனக்குக் குறையில்லை. பழைய அட்டையெல்லாம் இனிச் செல்லாது, புதிதாகப் படிவம் நிரப்ப வேண்டும், அட்டை இல்லாதவர்கள் உள்ளே உட்கார்ந்து பேப்பர் பார்க்கலாம், புத்தகத்தைத் தொட முடியாது. படிவத்தில் பிணை நிற்கிறவர் பிரதேச சபைக்கு வரி கட்டும் சொந்த வீட்டுக்காரராக இருக்க வேண்டும். லயத்துக் காம்பராவுக்கு வரி ஏது, வீடு தோட்டத்துடையது, நாம் பாட்டன் காலத்திலிருந்து அதில் இருக்கிறோம், ஒரு புத்தகத்துக்குக்கூட நம் பேரை நம்ப மாட்டார்கள். அந்தக் காலத்தில் சிவபாதம் சேர் தானே பிணை நின்று எனக்கு அட்டை தந்தார், அது உனக்குத் தெரியும். இப்போது யாரிடம் போக. டவுனில் வீடு கட்டியிருக்கும் அழகுமுத்து மாஸ்டரிடம் மூன்று தரம் நடந்தேன், இரண்டு தரம் ஆள் இல்லை, மூன்றாம் தரம் இந்த வயசுல என்னத்த படிச்சு என்ன பரீட்ச எழுதப் போறீங்க என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். சிரித்தாலும் போட்டாரே, அது போதும் என்று வந்தேன். வீட்டுக்கு வந்து நீலப் பேனாவால் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பினேன். தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று நெடுநேரம் யோசித்து, தேயிலைக் கொழுந்து பறித்தேன் என்று எழுதினேன். கீழே என் கையெழுத்தைப் போட்டுப் பிளாஸ்டிக் உறையில் வைத்துப் பைக்குள் வைத்தேன். அது இன்னும் அந்தப் பைக்குள்தான் இருக்கிறது, ஏன் என்று சொல்கிறேன்.

போன மாதம் இருபத்திரண்டாம் தேதி லோஜினி ஆட்டோ பிடித்து மழையோடு லயத்துக்கு வந்தாள். நீ உன் புத்தகத்தில் இரண்டு பிரதி நூலகத்துக்கு அனுப்பியிருக்கிறாய், சனிக்கிழமை அதை வாங்கி வைக்கும் விழா, நீங்கதான் வந்து கையால எடுத்துத் தரணும்மா என்றாள். நீ புத்தகம் போட்டதே எனக்கு ஜீவராணி சொல்லித்தான் தெரியும், வீட்டுக்கு ஒரு பிரதி வரும் வரும் என்று தபால் கொண்டுவரும் பையனைக் கேட்டுக்கொண்டிருந்தேன், டவுனுக்கு இரண்டு வந்திருக்கிறது, வீட்டுக்கு ஒன்றும் இல்லை. அப்போதும் நான் தப்பாக நினைக்கவில்லை, தபால் பிந்தியிருக்கும் என்றுதான் நினைத்தேன். சனிக்கிழமை நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, வந்த வேலையோடு படிவத்தையும் கொடுத்துவிடலாம், முதல் அட்டை எடுத்து முதல் புத்தகமாக மகனுடையதையே கொண்டு வரலாம் என்று அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு போனேன். என்னோடு கொழுந்து பறித்த ராசம்மா அக்காவும் கூட வந்தார், லயத்திலிருந்து இருபது பேர் வந்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். என்னை மேடையில் சபைப் பெரியவர்களுக்கு நடுவில் உட்கார வைத்தார்கள். லோஜினி உன் புத்தகத்தைத் திறந்து முதல் தாளை மைக்கில் வாசித்தாள். ஓர் எழுத்தும் அறியாமல் எனக்கு எல்லா எழுத்தையும் தந்த என் அம்மா அழகம்மாவுக்கு என்று. கை தட்டினார்கள். முன் வரிசையில் ஒரு டீச்சர் கண்ணைத் துடைத்தார். நான் வேறு யாரோ அழகம்மா என்றுதான் முதலில் நினைத்தேன் தம்பி, சத்தியமாக. பிறகுதான் எல்லாரும் என்னைப் பார்ப்பது தெரிந்தது.

அது முடிந்து விருந்தினர் புத்தகத்தில் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். என் முறை வந்தது, நான் பேனாவுக்குக் கையை நீட்டினேன். அதற்குள் லோஜினி உள்ளே ஓடிப்போய் மைப் பெட்டியைக் கொண்டுவந்துவிட்டாள். கூச்சப்படாதீங்கம்மா, வெரல மட்டும் வைங்க, இதுதான் எங்களுக்குப் பெருமை என்றாள். என் பெருவிரலை அவளே மெதுவாகப் பிடித்து மையில் வைத்தாள். அந்த ஒரு நிமிசம் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். எனக்குக் கையெழுத்துத் தெரியும் பிள்ளே என்று சொல்லியிருந்தால், மைக்குக்கு முன்னால், அத்தனை பேருக்கு முன்னால், என் மகன் பொய் எழுதியிருக்கிறான் என்று நானே சொன்ன மாதிரி ஆகும். உன் பேர் போட்ட பதாகை தலைக்கு மேலே தொங்குகிறது. நான் விரலைக் கொடுத்தேன். அவள் உருட்டி எடுத்தாள். எல்லாரும் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள்.

என் பெருவிரலின் கதை உனக்கு ஞாபகம் இருக்கிறதா. பல தரம் சொல்லியிருக்கிறேன், மறந்திருந்தால் இன்னொரு தரம் கேள். பதினெட்டு வயதில் எனக்குத் தோட்டத்தில் பேர் பதிந்தார்கள். முதல் சம்பள நாள் ஆபீஸ் ஜன்னலில் வரிசை. உள்ளே இருந்த கிளாக்கர் தலை நிமிர்ந்து பார்க்க மாட்டார், விரல் வரும், பிடிப்பார், மையில் உருட்டுவார், அடுத்த ஆள். நான் பேனா கேட்டேன். ஒனக்கெல்லாம் எதுக்கு பேனா, பின்னால நிக்கிறவங்க நேரத்த வீணாக்காத என்றார். எனக்கு எழுதத் தெரியும் என்றேன். அப்ப கடைசியில வா என்றார். அன்றைக்கு மட்டுமில்லை, அந்த மனுசன் மாறிப் போகும்வரை நாலு வருடம் ஒவ்வொரு சம்பளத்துக்கும் நான் கடைசி ஆள். இருட்டிய பிறகு மழையில் தனியாக லயத்துக்கு ஏறி வந்திருக்கிறேன், இவளுக்கு எட்டாம் வகுப்புத் திமிர் என்று பொம்பளைகளே பேசினார்கள். அந்த ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் விரல் துடைத்த நீலக் கறை ஒரு ஆள் உயரத்துக்கு இருக்கும். அதில் என் விரல் ஒன்றுகூட இல்லை. கைநாட்டு வைக்கிறவர்களை நான் குறைவாகச் சொல்லவில்லை, உன் அப்பாவே அப்படித்தான், அவருக்கு அதில் வெட்கமும் கிடையாது, பள்ளிக்கு அனுப்பாதது அவர் குற்றமில்லை. ஆனால் எனக்குத் தெரிந்ததை நான் கடைசி ஆளாக நின்று காப்பாற்றினேன். அறுபது வயதில், அதுவும் நூலகத்தில், என் மகனுக்காக முதல் தரம் பெருவிரல் வைத்தேன்.

இதோடு விட்டிருப்பேன். லோஜினி தெரியாமல் செய்தது, நீ ஏதோ எழுத்து வேகத்தில் எழுதியது என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். நாலாம் நாள் ஜீவராணி வந்து போனைக் காட்டினாள். அந்த விரல் அடையாளத்தைப் படம் போட்டு, அதற்கு மேலே என் அம்மாவின் கையெழுத்து இதுதான் என்று நீ எழுதியிருக்கிறாய். ஆயிரத்துக்கும் மேலே ஆட்கள் இதயம் போட்டிருக்கிறார்கள். கிஷாந்த், உனக்கு ஹட்டனில் ஹாஸ்டலில் இருந்த காலத்தில் யார் கடிதம் எழுதினது. பேராதனைக் கம்பசில் நாலு வருடம், மாதம் இரண்டு, யார் எழுதினது. ஒவ்வொரு கடிதத்திலும் கடைசியில் வாசிக்க வேண்டியது என்று தலைப்புப் போட்டு மூன்று புத்தகம் எழுதுவேனே, நீயும் அதைத் தேடி எடுத்து வாசித்துவிட்டு, அம்மா இரண்டாவது சுமார்தான் என்று பதில் போடுவாயே, அதெல்லாம் மறந்துபோகுமா. படங்குச் சாக்குக்குள் புத்தகத்தைச் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு மலைக்குப் போவேன், கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும்போது நாலு பக்கம் வாசிப்பேன், கங்காணி பிடித்து இரண்டு நாள் வேலை நிறுத்தியபோது நீ மூன்றாம் வகுப்பு, நீதான் அழுதாய்.

அன்றைக்கே உனக்குப் போன் எடுத்தேன். நீ சிரித்தாய். அம்மா அது உங்கள உயர்த்தி எழுதினது, வாசிக்கிறவங்களுக்கு அப்படி இருந்தாத்தான் மனசுல நிக்கும் என்றாய். புத்தகத்தை அச்சடித்து வெளியிட்டவரும் அந்த வரிதான் நல்லாயிருக்கு என்றாராம். நீங்க ஏன் கையெழுத்துப் போடல, நீங்களேதானே விரல் வச்சீங்க என்றும் கேட்டாய். அதோடு சிக்னல் போய்விட்டது. அந்தக் கேள்விக்குத்தான் இப்போது இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன். எழுத்துத் தெரியாத அம்மா உயரம், எழுத்துத் தெரிந்த அம்மா பள்ளம் என்று உனக்கு யார் சொன்னது. கொழுந்து பறிக்கிறவள் வாசிக்கவும் செய்வாள் என்று எழுதினால் அங்கே யாரும் நம்ப மாட்டார்களா, அல்லது அழ மாட்டார்களா. அப்பாவிடம் சொன்னேன், அவர் டிவியிலிருந்து திரும்பாமலே, அவன் எனக்கு எழுதினத ஒன் பேருக்கு மாத்தி அனுப்பிட்டான், என் பேரப் போடச் சொல்லு, நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துவிட்டுப் பின்னால் போய் அழுதேன்.

இப்போது என் நிலைமையைப் பார். உன் புத்தகம் நூலகத்தில் வாசலுக்கு நேரே கண்ணாடி அலமாரியில் இருக்கிறது, அட்டை உள்ளவர்களுக்குத்தான் எடுத்துத் தருவார்கள். அட்டை வேண்டுமானால் படிவத்தைக் கொடுக்க வேண்டும். படிவம் முழுக்க என் கையெழுத்து. அதே லோஜினியிடம், என் விரலை உருட்டிய பிள்ளையிடம், அதை எப்படி நீட்டுவேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை பையோடு போனேன், பேப்பர் மேசையில் உட்கார்ந்தேன். முதல் தரம் பேப்பரை விரித்ததும் அவள் ஓடிவந்து, அம்மா படம் பாக்கிறீங்களா, இருங்க நான் வாசிச்சுக் காட்டுறேன் என்று பக்கத்தில் உட்கார்ந்து தலைப்பெல்லாம் வாசித்துக் காட்டினாள். நான் தலையாட்டிக்கொண்டு கேட்டேன். அவள் ஒரு ஊரின் பேரைத் தவறாக வாசித்தாள், அதைக்கூடத் திருத்தாமல் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இரண்டாம் தரம் உள்ளே போகாமல் வாசலோடு திரும்பிவிட்டேன். சாமி கொடுத்த நேரம் முழுக்க இருக்கிறது, கண் இன்னும் நன்றாக இருக்கிறது, புத்தகம் எட்டும் தூரத்தில் இருக்கிறது, வாசிக்க முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். என் மகன் என்னைப் பற்றி இன்னும் என்னென்ன எழுதியிருக்கிறான் என்று ஊரே படித்துவிட்டது, எனக்குத்தான் தெரியாது. கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கோபம்தான், வெட்கமும்தான்.

என்றாலும் பழக்கம் விடவில்லை, வாசிக்க வேண்டியது எழுதிவிடுகிறேன். நூலகத்தில் பின் அலமாரியில் மேல் தட்டில், முதுகில் பழுப்புத் தாள் ஒட்டிய, நான் முன்பு வாசித்த புத்தகம் ஒன்று இருக்கிறது, மலைநாட்டு ரயிலில் வேலை பார்த்த ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் தன் கதையை எழுதியது. அவர் ஸ்டேஷனில் கேட் பூட்டும் ஒரு அம்மா வருவார். அந்த அம்மா மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை என்று அந்த மனுசன் வெட்கப்படாமல் எழுதியிருப்பார். அதை நீ அவசியம் தேடி வாசி. மற்றது சிங்களத்திலிருந்து தமிழில் வந்த நாவல், படித்து உத்தியோகமான மகன் கொழும்பு நண்பர்களிடம் தன் அப்பாவைத் தோட்டக்காரன் என்று சொல்லிவிடுகிறான், அப்பா அதைக் கேட்டுக்கொண்டே பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். முன்பு வாசித்தபோது அந்த அப்பா பெரிய மனுசன் என்று நினைத்தேன். இப்போது அவர் செய்தது சரிதானா என்று சந்தேகமாக இருக்கிறது. மூன்றாவது உன் புத்தகம். அதை வாசிக்காமல் நல்லது கெட்டது சொல்ல மாட்டேன்.

நான் முடிவு செய்துவிட்டேன். படிவம் கொடுக்க ஜூலை முப்பத்தொன்றுதான் கடைசி. அதற்கு முந்தின ஞாயிறு இருபத்தேழு. அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிடும், நீ லோஜினிக்கு நாலு வரி எழுதிவிடு, அம்மாவுக்கு வாசிக்கத் தெரியும், நான்தான் தவறாக எழுதினேன் என்று. அடுத்த பதிப்பு வருகிறது என்று ஜீவராணி சொன்னாள், அதில் அந்த வரியையும் எடுத்துவிடு, பதிலுக்கு ஒன்றும் போட வேண்டாம், என் பேர் மட்டும் இருந்தால் போதும். நீ எழுதினால் எனக்கு நெஞ்சு ஆறும். எழுதாவிட்டாலும் இருபத்தேழாம் தேதி காலை பஸ்ஸில் நான் போவேன், படிவத்தை அவள் மேசையில் வைப்பேன், அவள் கேட்டால் உண்மையைச் சொல்வேன். மேடையில் உன்னைக் காப்பாற்றினது ஒரு தரம். இன்னொரு தரம் என்னால் முடியாது.

நேரத்துக்குச் சாப்பிடு, பாணும் பட்டரும் மட்டும் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. இரவில் தலைக்கு ஏதாவது கட்டிக்கொண்டு படு. உன் கையால் நல்லது எழுதி, நல்ல பேரோடு, நோய் நொடி இல்லாமல் நீ இருக்க வேண்டும், அதில் எனக்கு எந்தக் கோபமும் குறுக்கே வராது. அப்பா உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். அழகுமுத்து மாஸ்டருக்கு ஒரு போன் எடுத்து நன்றி சொல்ல மறக்காதே, அம்மாவுக்குப் பிணை நின்றவர்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஆ. அழகம்மா

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தையும் படம் எடுத்துப் போடுவதென்றால் போட்டுக்கொள், நான் தடுக்கவில்லை. இதை அம்மாவுக்கு யார் எழுதிக் கொடுத்தது என்று அங்கே எல்லாரும் கேட்பார்கள். நீ அவர்களுக்கு என்ன பதில் சொன்னாய் என்று மட்டும் எனக்கு எழுது.